வீட்டில் வசிப்போர் பட்டியல்

— ஆறாயிரத்து நானூறு பவுண்டு கவுன்சிலுக்குத் திருப்பிக் கட்டணுமா? டேய் வில்ஃப், எழுபத்திநாலு வயசுல இதுக்கு எங்கடா போவ?

— வாரம் பதினாலு பவுண்டு புடிச்சுக்குறாங்களாம், பெரில் அக்கா. அப்படியே கழியட்டும்.

— கழியும், கழியும். உனக்கு எண்பத்திமூணு ஆகும்போது! ஹீட்டர்கூடப் போடாம உக்காந்திருக்க. டீயக் குடி, ஆறுது. கவுன்சில் உனக்கு எதுக்கு வாடகை உதவிய அதிகமாக் குடுத்துச்சாம்?

— சம்பாதிக்கிற மகன் கூட இருந்தா உதவியக் குறைச்சுதான் தரணுமாம். இத்தன வருஷமா குறைக்காமக் குடுத்துட்டாங்களாம்.

— மகனா? நைஜல் போயி நாலு வருஷமாச்சேடா!

— ம்.

— என்ன ம்? அவன் இங்க இருக்கான்னு எவன் சொன்னது?

— நான்தான். ஓட்டர் லிஸ்டுக்கு வருஷா வருஷம் கவுன்சில்லருந்து ஒரு காகிதம் வரும்ல, வீட்டுல யார் யாருன்னு. அவன் பேரும் அதுல இருக்கும். கோடு போட்டு எடுக்கணும். பேனாவத் தொடுவேன்... கை வராது, அக்கா.

— அட கூறுகெட்டவனே!

— எடுத்துட்டா, இனி அவன் வரமாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடுமே.

— ஒரு கிறிஸ்மஸ் கார்டு போட்டானா? அப்பன் இருக்கானா செத்தானான்னு ஒரு போன்? அந்த நன்றிகெட்ட பயலுக்காக நீ குளிர்ல விறைக்கணுமா?

— அவனத் திட்டாத.

— திட்டுவேன். நான் இடுப்புல தூக்கி வளத்தவன். அப்படி என்னதான் சண்ட?

— வாடகையில பாதி குடுன்னேன். அடுத்த மாசம் தர்றேன்னான். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அந்தப் பாதிக்காகப் போயி... என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

— சரி, கண்ணத் தொடச்சுக்கோ. அந்த மேல்முறையீட்டு ஃபாரத்தக் குடு, நான் எழுதுறேன். அவன் இங்க இல்லன்னு காட்டிட்டா மொத்தக் கடனும் போயிடும். என்னைக்குப் போனான்?

— நவம்பர் ஒன்பது. செவ்வாய்க்கிழம. நல்ல மழ.

— எழுதிட்டேன். அடுத்து, இப்ப அவன் இருக்கிற அட்ரஸ். அது இருந்தாப் போதும், அவங்களே விசாரிச்சுக்குவாங்க. சொல்லு.

— தெரியாது.

— தெரியாதா? பெத்த அப்பன்கிட்ட ஒரு அட்ரஸ்கூடக் குடுக்காமப் போயிட்டானா? நன்றிகெட்டவன்னு சொன்னா கோவம் வருது உனக்கு!

— குடுத்தான், அக்கா. மழையில வாசல்ல நின்னு சீட்டுல எழுதி நீட்டினான். நான் வாங்காமக் கதவச் சாத்திட்டேன்.