பூட்ஸுக்குள் தங்கிய ஆணி

சபையைச் சிறப்பிக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, பொறுமையே உருவான தாய்மார்களே, தோலையும் நூலையும் நம்பி வாழும் தொழில் தோழர்களே, இந்தக் கிழவனின் கும்பிடு.

பூட்ஸின் வரலாறு பேசச் சொன்னார்கள். எழுத்தறியாதவன் நான். கேட்டதையும் தொட்டதையும் தவிர எனக்கு வேறு ஏடு இல்லை. ஒரு காலத்தில் இடது வலது என்ற பேதமின்றி, இரு காலுக்கும் ஒரே மரக்கட்டையில் வைத்துத் தைத்தார்களாம். தோலுக்குக் கால் பணிந்தது. பிறகு வந்தவன் காலுக்குத் தோலைப் பணிய வைத்தான். காலை அளந்தான், கட்டையைக் காலாகவே செதுக்கினான், தோலை நனைத்தான், இழுத்தான், ஆணியடித்து இறுக்கினான், தைத்து முடித்ததும் ஆணிகளைப் பிடுங்கினான். அந்த ஆணியில்தான் இருக்கிறது என் அச்சம்.

அதோ மேசையில் அறுபது ஜோடி. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன அறுபது பேருக்கு நாம் அளந்து தைத்தவை. இன்னும் சற்று நேரத்தில் அணியப் போகிறார்கள். நானோ அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன்?

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நிலம் அளப்பவர் ஒருவருக்குத் தைத்தேன். அவருக்கும் இதே நோய். ஒரு வியாழன் காலை பூட்ஸை மாட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்: எங்கேயாவது குத்துகிறதா? கடைக்குள் நாலு நடை நடந்தார்.

"ஒண்ணுமே தெரியலண்ணே. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு."

பூரித்துப் போனேன். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், சிரிக்க வேண்டிய ஆள்தான் நான். மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடமும் பெருமை அளந்தேன். அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அவருக்குத்தான் கால்ல உணர்ச்சியே இல்லையே. அவரைக் கேட்டா என்னத்தச் சொல்வாரு? நீங்க கைய விட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பிடுங்கிய ஆணிகளை எண்ணினேன். அடித்தது இருபத்திரண்டு, கிடந்தது இருபத்தொன்று.

ஓடினேன். அலுவலகத்தில் கேட்டால், ஊர்க்கோடி மேட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மேடேறினேன். அவர் வைத்த ஒவ்வோர் அடியும் நான் அடித்த ஆணியல்லவா? என்னைக் கண்டதும் அவர் சிரித்துக் கையாட்டினார். உட்கார வைத்துக் கழற்றினேன். பெருவிரலடியில் காலுறை சிவந்து ஒட்டியிருந்தது.

"வலிக்கவே இல்லையேண்ணே" என்றார்.

நாலு மாதம் ஆறவில்லை அந்தப் புண். இரண்டு விரலை எடுத்தார்கள். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

யாரங்கே, "எல்லாம் பாத்தாச்சு ஐயா" என்பது? கண்ணால் பார்த்தீர்களா, கையால் பார்த்தீர்களா? மெருகு பார்த்தோம், மடிப்பு பார்த்தோம், மணிமணியாய் விழுந்த தையல் பார்த்தோம். பூட்ஸின் முனைவரை விரல் போனதா? போட்டுப் பார்ப்பவர் சொல்லட்டும் என்று இங்கே இருக்க முடியுமா? அந்த அறுபது பேரும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதுதான் எனக்குப் பயம்.

தலைவர் அவர்களே, வழங்குவதற்கு முன் அரை மணி நேரம் தாருங்கள். தைத்தவர்களே, எழுந்து வாருங்கள். முதல் ஆளாக நான் இறங்குகிறேன். ஆணி இருந்தால் நம் விரலில் குத்தட்டும். வலி தெரிகிற தோல் நம்மிடம்தான் இருக்கிறது.

காத்திருக்கப் போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.