தேதியிடாத பதினோரு பக்கங்கள்

நான் பணிக்கு ஒரு நாளும் தாமதமாக வந்தவனல்ல. பத்தரை மணிக்கு என் நாற்காலி காலியாக இருந்ததை எவரும் பார்த்ததில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்கள் என்னைச் சோம்பேறி நீதிபதி என்று எழுதுகிறார்கள்.

எங்கள் தாத்தா முன்சீப். அப்பா மாவட்ட நீதிபதி. நான் உயர் நீதிமன்றம். தம்பியைப் படிக்க வைத்தவனும் நான்தான். செஷன்ஸ் நீதிபதியாக இருந்த அவன் பெயர் உயர் நீதிமன்றத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் ஏறியிருந்தது. அந்த நேரம் பார்த்து, கொள்ளை வழக்கில் அவன் பத்தாண்டு சிறை விதித்த ஒரு தையல்காரரின் மேல்முறையீடு என்னிடம் வந்தது.

தண்டித்தவன் என் தம்பி என்பதை நான் மறைக்கவில்லை. "ஆட்சேபனை உண்டா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டேன். தையல்காரரின் வக்கீல், "இல்லீங்க" என்றார். அவருக்கு என் முன்னால் இன்னும் நாற்பது வழக்குகள் இருந்தன.

வழக்குக் கட்டுக்குள் சம்பவ வீட்டின் வரைபடம் மடிப்பு கலையாமல் இருந்தது. நான்தான் முதலில் பிரித்தேன். தெருவில் நின்று ஜன்னல் வழியே தையல்காரரைப் பார்த்ததாக ஒரே சாட்சி சொல்லியிருந்தார். வரைபடத்தில் தெருப்பக்கச் சுவரில் ஜன்னலே இல்லை.

அன்று மதியத்துக்குள் பதினோரு பக்க விடுதலைத் தீர்ப்பை என் அறையில் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தேன். குறிப்பெடுத்த சுருக்கெழுத்தர் அம்மா தட்டச்சு செய்து தந்தார். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இல்லாத ஜன்னலை நம்பித் தண்டித்தவன் என்று பெயரெடுத்தால் தம்பியை யார் மேலே ஏற்றுவார்கள்? அவன் நியமனம் வரட்டும் என்று இருந்தேன்.

அரசாங்கத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கோப்பு அடுத்த மேசைக்கு நகர ஓராண்டு. தகுதியுள்ள மனிதனை இப்படியா காக்க வைப்பது? "வெளியில தலைகாட்ட முடியல அண்ணா. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று தம்பி புலம்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

சுருக்கெழுத்தர் அம்மா வேறு நச்சரித்தார்.

"ஐயா, தையல்காரர் சம்சாரம் மறுபடியும் வராந்தாவில வந்து உக்காந்திருக்காங்க."

"தீர்ப்பு ஒத்திவச்சிருக்குன்னு சொல்லுங்க."

"மூணு வருஷமா அதத்தான் சொல்றேன். டைப் அடிக்கிறப்ப மட்டும் சாப்பிடக்கூட விடாம விரட்டினீங்களே ஐயா."

அந்த வாய்த்துடுக்கையும் பொறுத்துக்கொண்டேன்.

நடுவில் ஜாமீன் மனு வந்தது. இருமலில் ரத்தம் வருவதாகச் சிறை மருத்துவர் எழுதியிருந்தார். படித்துவிட்டுத் தள்ளுபடி செய்தேன். விடுதலையே தயாராக இருக்கும்போது ஜாமீன் எதற்கு? மனிதருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டாமா?

நான்காம் ஆண்டில் நியமனம் வந்தது. தம்பி பதவியேற்ற அன்று மாலையே இழுப்பறையைத் திறந்தேன். தையல்காரர் சிறையில் இறந்து ஒன்பது நாள் ஆகிறது என்றார் சுருக்கெழுத்தர் அம்மா. "தீர்ப்பு என்னன்னு மட்டுமாவது சொல்லச் சொல்றாங்க அவர் சம்சாரம், ஐயா." சொல்லவில்லை. தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இறந்தவரின் மேல்முறையீடு என்று முடித்துவைத்தேன்.

அந்தச் சுருக்கெழுத்தர் அம்மா தன் குறிப்பேட்டை உங்களிடம் கொடுத்துவிட்டார். நல்லது. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என்னுடையதுதான். தெரிந்தேதான் பூட்டிவைத்தேன். ஆனால் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைத் தண்டிக்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளும் என் இழுப்பறையில் அவர் நிரபராதியாகத்தான் இருந்தார்.