நடுவாசலில் நின்றுபோன மகளின் கடிதங்கள்

தலைமை தாங்கும் அண்ணன் அவர்களே, சாயத்திலும் புகையிலும் மூச்சைத் தொலைத்த பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு தலையில் பஞ்சுத் தூசியுடன் வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தோழர்களே, வணக்கம்!

நான் மேடையேறிப் பேசுகிறவன் இல்லை. பார்த்தது பேச வைக்கிறது!

ஆலையின் கணினியிலிருந்து வெளியே இருக்கும் உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்கு நேராகப் போக முடியாது. நடுவில் ஒரு கணினி இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லி, உங்கள் பெயரால் போய், கடிதங்களை எடுத்துவரும்; எடுத்ததும் அங்கே அழித்துவிடும். அதை நடத்துபவன் நான்.

என்னக்கா, புரியவில்லையா? உங்கள் வீட்டுச் சாவி அதன் கையில். இப்போது புரிகிறதா?

போன வாரம் நம் பாய்லர் அண்ணன் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, என் பொட்டியில ஏதும் கோளாறா? பொண்ணு எழுதறதே இல்லப்பா."

"வீட்ல செல்லுல பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். தொடச்சு வெச்ச மாதிரி கெடக்கு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா."

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த நடுக் கணினியைத் திறந்தேன். எனக்கே தெரியாமல் மேலிடம் ஒரு விதியைச் சேர்த்திருந்தது. 'சங்கம்' என்று வந்தால் நிறுத்து. 'வேலையை விட்டு' என்று வந்தால் நிறுத்து. ஒருமுறை சிக்கிய முகவரியிலிருந்து எது வந்தாலும் நிறுத்து!

அண்ணன் பெயரில் உள்ளே சிக்கியிருந்தவை அத்தனையும் அவர் மகளின் கடிதங்கள். அண்ணனிடம் போனில் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

"அப்பா, மூச்சு வாங்குதுன்னீங்களே, அந்த வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடுங்க."

"அப்பா, ஒரு வரியாவது பதில் போடுங்க."

கடைசியாக ஒன்று: "பிரசவத்துக்காவது வருவீங்களா? இல்ல, எனக்கு அப்பாவே இல்லன்னு நெனச்சுக்கட்டுமா?"

கொதிக்கும் பாய்லருக்கு முன்னால் நிற்கும் மனிதர் என் பக்கத்தில் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கினார். கையுறைகளைக் கழற்றி என் மேசையில் வைத்தார். போய்விட்டார்.

நான் மேலாளரிடம் ஓடினேன்.

"யாரைக் கேட்டுய்யா தொறந்தே?"

"யாரைக் கேட்டு சார் மறைச்சீங்க?"

"ஆளு போயிட்டா பாய்லரை உங்கப்பனா ஓட்டுவான்? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். கை வெச்சே, வேலை போயிடும்!"

ஒரு மகள் தன் தகப்பனை அழைப்பதும் குற்றமா? எங்கள் உழைப்பை எடுத்தீர்கள், ஓய்வை எடுத்தீர்கள், உறவையுமா எடுப்பீர்கள்?

இன்று காலை மேலாளரே என் அறைக்கு வந்தார். "பாய்லர்காரன் எங்கய்யா? நிக்கறேன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்ல?"

எழுதியிருக்கிறார், தோழர்களே! மகள் வீட்டிலிருந்து, மேலாளரின் சொந்த முகவரிக்கே எழுதியிருக்கிறார். ஆனால் மேலாளர் பெட்டிக்கும் இதே வாசல்தான். 'வேலையை விட்டு நிற்கிறேன்' என்ற அந்தக் கடிதம் உள்ளே சிக்கிக் கிடக்கிறது. நான் கை வைக்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே!

சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள். இதை மேடையில் சொன்னதற்காக நாளை என் நாற்காலியில் வேறொருவன் உட்காரலாம். உட்காரட்டும். ஆனால் அந்த விதி இருக்கக் கூடாது. காலையில் எல்லோரும் அலுவலக வாசலில் நிற்போம். நம் கடிதங்களை நாமே கேட்டு வாங்குவோம்!

அதற்கு முன் ஒன்று. எழுதவே இல்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கோ இருப்பார். அவர் எழுதியிருக்கலாம். இன்றே அவரைக் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுங்கள்.

நின்றுகொண்டே கேட்ட கால்களுக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.