ஐந்தாவது புள்ளி

தண்ணீர் வேண்டாம், ஐயா, வரும்போதுதான் குடித்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

இறந்தவர் என் தங்கை கணவர். நான் பொருளாதாரம் நடத்தும் அதே கல்லூரியில் உளவியல் பேராசிரியர். உளவியல் என்று ஒன்று முளைக்கும் முன்பே மனித ஆசையை எடைபோட்டவர்கள் எங்கள் ஆட்கள். முதல் குவளைத் தண்ணீர் தரும் சுகத்தைப் பத்தாவது குவளை தராது என்று சொன்னது நாங்கள். இவர்கள் அதைச் சுட்டுக்கொண்டு போய், சுவரில் நாலு கடிகாரத்தை மாட்டி, ஆய்வகம் என்று பெயர் வைத்தார்கள். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் மாப்பிள்ளை சிரிப்பார்.

"நீங்க நாற்காலியில உக்காந்து யோசிச்சீங்க, மச்சான். நாங்கதான் மனுஷனை உக்காரவெச்சு அளந்தோம்."

என் தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அளந்தே காட்டுவோம் என்று முடிவு செய்தேன். விடுமுறையில் கல்லூரியில் ஈ காக்கை கிடையாது. அரிய நூல் ஒன்று கிடைத்திருக்கிறது என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நிலவறைப் புத்தகக் கிடங்கில் விட்டுப் பூட்டினேன். கைப்பேசி அங்கே எடுக்காது. தங்கையிடம், அவர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

தினமும் கதவுக்கு அடியில் ஒரே கேள்வியை எழுதித் தள்ளுவேன்: ஒரு குவளைத் தண்ணீருக்கு என்ன தருவீர்கள்? நாளுக்கு ஒரு பதில், வரைபடத்தில் ஒரு புள்ளி; ஐந்து புள்ளிகள் இருந்தால் வளைகோடு அழகாக வரும். தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்தால் தாகம் குறைந்து அளவு கெட்டுவிடும்.

முதல் நாள், "விளையாடாதீங்க மச்சான்" என்று எழுதினார். பூஜ்யம் என்று குறித்துக்கொண்டேன். மறுநாள் கைக்கடிகாரம். மூன்றாம் நாள் வீடு. நாலாம் நாள் எழுத்து கோணலாக இருந்தது: "நீங்க சொன்னதுதான் சரி. ஏற்கெனவே எழுதிட்டேன். பையில இருக்கு."

ஒரு வாய்த் தண்ணீருக்காகப் பொய்யும் சொல்வார் என்று அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான் அவர்கள் துறையின் முதுகெலும்பு. ஐந்தாம் நாள் சீட்டு வரவில்லை. எதையும் பாதியில் விடும் ஆள்.

கதவைத் திறந்து பையைப் பார்த்தேன். அச்சுக்குப் போகவிருந்த அவருடைய புத்தகம், கதவடியில் நுழையாத தடிமன். முதல் வரி இது: "எங்கள் துறைக்குத் தாய்வீடு பொருளாதாரம்தான். இதை எனக்குப் புரியவைத்தவர் என் மச்சான்." தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.

ஆக, நாலாம் நாள் பதில் தாகத்தால் வந்ததில்லை. அந்தப் புள்ளியை அழித்துவிட்டேன், ஐயா. நான் செய்த தவறு அது ஒன்றுதான்.