வாணலி வழக்கில் வென்ற நீதிபதி

என் வீட்டு முற்றத்திலேயே என்னைத் தோற்கடிக்கச் சொல்லும் தேர்தல் பலகை நின்றது. அந்த வெட்கத்தை முதலில் இறக்கிவைத்துவிட்டு வணங்குகிறேன்! அவைத்தலைமை ஏற்றிருக்கும் தீயணைப்புப் படைத் தலைவர் ஹார்லன் அவர்களே, முன்வரிசையை முறையாகக் கைப்பற்றியிருக்கும் மூத்தோரே, மீன் வறுத்து முகம் சிவந்திருக்கும் தாய்மார்களே, இன்று ஓய்வுபெறும் எங்கள் பெல்மோர் கவுண்டியின் உயில் நீதிமன்ற நீதிபதி ஒடெஸா பிரிட்செட் அம்மையார் அவர்களே, வணக்கம்!

சட்டம் படித்தா வந்தார்? இல்லை, பள்ளிப் பேருந்து ஓட்டி வந்தார்! எந்த வீட்டுப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையைக் கிள்ளும் என்று கண்ணாடியில் பார்த்தே கற்றவரிடம் நம் உயில்களைக் கொடுத்தோம். கல்யாண உரிமங்களைக் கேட்டோம். நீதிபதியையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கும் ஊரல்லவா இது, தேர்தல்தோறும் ஓட்டை அள்ளிக் கொட்டினோம்!

"நீ எங்கய்யா போட்ட?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உண்மைதான் ஐயா! ஒருமுறை நானே எதிர்த்து நின்றேன். எதற்காக? ஒரு வாணலிக்காக!

என் மாமியார், நம் ஊர் வழக்கப்படி, தமக்குப் பின் எது யாருக்கு என்று பொருள்களின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதினார். கடிகாரத்தில் ஒட்டினார், கட்டிலில் ஒட்டினார், சோள ரொட்டி சுடும் இரும்பு வாணலியிலும் ஒட்டினார்! அடுப்பேறும் வாணலியில் டேப் நிற்குமா? பெயர் நிற்குமா? பெற்ற பெண்களின் உறவுதான் நிற்குமா?

மாமியார் கண்மூடினார். "அம்மா என் பேரைத்தான் எழுதினாங்க. என் கண்ணால பாத்தேன்" என்றாள் என் மனைவி வெர்லீன்.

"கண்ணாடி போடலன்னா உனக்கு உன் புருஷனையே தெரியாதுடி" என்றாள் அவள் அக்கா ஐலா.

பேச்சு முறிந்தது. கிறிஸ்துமஸ் விருந்து இரண்டானது. வாணலி நீதிமன்றம் ஏறியது.

அம்மையார் சொன்னார்: "சட்டி என்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து ஒண்ணா கேளுங்க, தரேன்."

நான் கொதித்தேன், 'வாணலியை மீட்பேன்' என்று முழங்கி வேட்பாளரானேன். சகோதரிகளோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வண்டியில் போனார்கள். "இன்னைக்கு முடியாதும்மா, அடுத்த திங்கள் வாங்க." போனார்கள். மறுபடியும் அடுத்த திங்கள்! போகும் வழியெல்லாம் நீதிபதியைத் திட்டினார்கள். திரும்பும் வழியெல்லாம் சேர்ந்து திட்டினார்கள். திட்டித் திட்டிப் பசித்ததால் சேர்ந்து சாப்பிட்டார்கள்! ஒரு திங்களன்று நீதிமன்ற வாசலிலேயே ஐலா சொன்னாள்: "அந்தச் சட்டி கெடக்குது வெர்லீன், பசிக்குது, வா."

அன்று மாலை இருவரும் சேர்ந்து என் முற்றத்தில் நட்டதுதான் அந்தப் பலகை: பிரிட்செட்டுக்கே ஓட்டு!

தோற்றேன்; தோற்றதில் பூரிக்கிறேன்! சொத்தைப் பிரிக்கச் சட்டம் போதும். சொந்தத்தைச் சேர்க்கச் சட்டத்துக்குத் தெரியுமா? எங்கள் ஒடெஸா அம்மையாருக்குத் தெரிந்தது! தாமதத்தையே தீர்ப்பாக்கிய தாய் அவர்!

மீன் ஆறுவதையும் பொறுத்து என்னைக் கேட்டவர்களுக்கு நன்றி. அம்மையாருக்கு என் கும்பிடு.

ஒன்று விட்டுப்போயிற்று. நான் மேடையேறும்போது அம்மையார் என் காதில் சொன்னார்: "அந்தச் சட்டிய எங்க வச்சேன்னே தெரியாமத்தான்டா திங்கள் திங்களா இழுத்தடிச்சேன். நேத்து ரூமைக் காலி பண்ணும்போதுதான் கெடச்சுது. மாடியில கூரை ஒழுகுற எடத்துல தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்துது."