உப்புப் பார்த்த நோன்பு

"எங்கட காக்காக்கு நீங்கதான் என்னமோ கலந்து குடுத்திருக்கீங்க, இல்லாட்டி..."

"வாயப் பொத்துங்க மச்சி, அதே கஞ்சிய நாங்களுந்தானே குடிச்ச..."

"குடிச்ச நீங்க குத்துக்கல்லுப் போல நிக்கிறீங்க, அவருதானே மவுத்து..."

என் மருமகன் முபீன் இறந்த மறுநாள் பகல், ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய தங்கை நிப்லாவும் என் மகள் றிபாவும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக் கத்தினார்கள். நோன்போடு இப்படிக் கத்தினால் தொண்டை வறளுமே என்றுதான் நான் நினைத்தேன், சேர்.

முபீனுக்கு இறக்காமத்தில் வயல். மருந்தடித்துவிட்டு வந்து விழுந்தவர் என்றே டொக்டரும் முதலில் எண்ணினார். நிப்லா போட்ட சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லோரிடமும் மூத்திரம் கேட்டார்கள். நான்தான் முதலில் போத்தலை வாங்கினேன்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவது. ஒன்பது வருடம் அவருக்கு மீன்முள்ளை எடுத்துத்தான் சோறு வைத்தேன். பெருநாள் முடிய றிபாவைக் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு, தன் உம்மா வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். "மாமி, தனிய இருந்து பழகுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று நோன்பு திறக்கச் சற்று முன்னர், அவருடைய கஞ்சிக் கோப்பையில் மட்டும் அவருடைய வயல் மருந்தையே விட்டேன். பிறகு உப்புப் பார்த்தேன். உப்புக் குறைந்த கஞ்சியை மருமகனுக்கு வைத்து எனக்குப் பழக்கமில்லை. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டேன்.

துப்பினால் நோன்பு முறியாது. சிறுவயதில் ஓதித் தந்த லெவ்வை சொன்னது. முறியாதென்றால் உள்ளே போகவில்லை என்றுதானே பொருள்? அந்தத் தைரியத்தில்தான் போத்தலை நிரப்பிக் கொடுத்தேன்.

நேற்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் ஆய்வுகூடக் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். றிபாவுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு இல்லை. முபீனின் மூத்திரத்தில் நிறைய, என்னுடையதில் கொஞ்சம்.

அவர் விழுந்தபோது தலையை மடியில் வைத்திருந்ததும் நான்தான். கோப்பையைக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். றிபா இப்போது கணவனுக்காக இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் அவளை என் வீட்டிலிருந்து ஒருவரும் கூட்டிப்போக முடியாது. அதில் எனக்கு நிம்மதி.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது.

"அப்ப, சேர், அண்டைக்கி என்ட நோன்பு முறிஞ்சிட்டா? அத நான் களாவாத் திரும்பப் புடிக்கணுமா?"