ஃபெர்மின் வில்யாவோவின் தொப்பி எரிந்த விவரம்

என் பெயர் சொய்லா யகுவால் கிமி. வயது ஐம்பத்தாறு. குவாயகில் நகரம், உப்போடைக் கரைச் சந்தை, பதினேழாம் எண் கடையில் பச்சை வாழைக்காய் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறேன். குடியிருப்பது சந்தைக்குப் பின்னால், மூன்றாம் சந்து, நீலக் கதவு வீடு. நேற்று டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பகலில், பதினெட்டாம் கடை எலுமிச்சை வியாபாரி ஃபெர்மின் வில்யாவோவின் ஓலைத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்தது நான்தான். அதை எரித்தது நான் இல்லை. ஆனால் எரிந்த பொம்மையைச் செய்தது நான். யாரும் கூப்பிட்டு வரவில்லை, நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

மேற்படி ஃபெர்மினை எனக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். குடிப்பழக்கம் இல்லை, எடையில் ஏமாற்ற மாட்டார், கைநீட்ட மாட்டார். வாய் மட்டும்தான். எதைச் சொன்னாலும் "ஆகாது" என்பார். சங்கத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். கூரை போடலாம் என்றால் ஒழுகும் என்றார். போட்டோம், ஒழுகியது. ஒழுகியதைவிட, அவர் நாற்காலியைச் சரியாகச் சொட்டு விழாத இடத்தில் போட்டு உட்கார்ந்திருந்ததுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பழச்சாறு கடை புதிதாகத் திறந்த பெண், பலூன் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவளிடம் போய், "உனக்கு முன்னாடி இங்க இருந்தவ மூணு மாசம் தாங்கினாம்மா" என்றார். என்னிடம் காய் வாங்க வருகிறவர்களிடம் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "சாயங்காலம் மஞ்சளாயிடும் பாருங்க" என்பார். இதனால் இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்னை விட்டுப் போனார்கள்.

நான் செய்து பார்க்காதது இல்லை. கண்டுகொள்ளாமல் இருந்தேன், பிறகு அவரைவிடச் சத்தமாகப் பேசினேன், அதன் பிறகு ஒரு வாரம் அவர் சொன்னதற்கெல்லாம் "ஆமா அண்ணே" என்றேன். கடைக்காரர்கள் இரண்டு பேருமே ஆகாது என்கிறார்களே என்று, என் கடைக்கு வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் பொறுப்பு கொடுத்தால் திருந்துவார் என்று போன வருடத் திருவிழாக் குழுவுக்கு அவரையே தலைவராக்கினோம். முதல் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். சொல்லி முடித்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நடக்காது என்று அவரே எதிர்த்து, தலைவர் பதவியை விட்டார்.

எங்கள் சந்தையில் ஒவ்வொரு டிசம்பர் கடைசி நாளும் பழைய வருடப் பொம்மை செய்து வாசலில் உட்கார வைப்போம். அந்த வருடம் எது தொலைய வேண்டுமோ அதன் உருவத்தில் செய்து, மரத்தூளும் வெடியும் அடைத்து, வருடம் பிறக்கும்போது கொளுத்துவது வழக்கம். ஆள் உருவம் என்றால் அந்த ஆளின் சொந்தத் துணியைத்தான் போட வேண்டும், கடையில் வாங்கிப் போட்டால் பலிக்காது. இந்த வருடம் யார் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது நான்தான் ஃபெர்மின் பெயரைச் சொன்னேன். அவர் அன்று வரவில்லை. ஒரு கைகூடக் கீழே இல்லை. ஆகையால் கொடும்பாவி கட்டி அவமானப்படுத்தியதாக அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை, யாரோ ஒருவர் தனியாகச் செய்ததாகச் சொல்வதை மட்டும் மறுக்கிறேன்.

சட்டையை அவர் மனைவி டெல்ஃபாவிடம் ஒரு வாழைத்தாருக்கு வாங்கினேன். "சட்டைக்குள்ள ஆளையும் வச்சுத் தரவா அக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் பிறகு மேற்படி நாள் மதியம், ஃபெர்மின் சாப்பாட்டுக்குப் பின் கூடைமேல் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்தில், ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து, அதேபோல வேறொரு தொப்பியை மாட்டி வைத்தேன்.

அதன் பிறகு, காலையிலிருந்து சட்டையும் முகமும் இல்லாமல் வாசலில் இருந்த பொம்மைக்கு இரண்டையும் மாட்டி, மூன்றரை மணிக்குத் தொப்பியை அதன் தலையில் குத்தும்போது, உள்பட்டையில் ஏதோ தடிமனாகத் தட்டுப்பட்டது. அவருடைய கடை அனுமதி அட்டை. எங்கள் சந்தையில் பாதிப் பேர் அதைத் தொப்பிக்குள்தான் வைப்போம், சட்டைப் பை வியர்வையில் நனைந்துவிடும் என்பதால். இது ஞாபகம் இருந்திருக்க வேண்டும், இல்லை. ஜனவரி மூன்றாம் தேதி அட்டை புதுப்பிக்கும் நாள். பழைய அட்டை இல்லாதவருக்குப் புது அட்டை இல்லை, கடை அடுத்து மனுப் போட்டவருக்குப் போகும். பதினெட்டாம் கடைக்கு அடுத்து மனுப் போட்டிருப்பது நான். போட்டு நான்கு வருடம் ஆகிறது.

அட்டையை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து எடுக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் மனதுக்குள் பலகைச் சுவரை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தார்களைத் தொங்கவிட்டு, சுவருக்கு மேலே தலை எதுவும் நீளாத ஒரு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். நான் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு மூட்டை தூக்கும் சிக்ஸ்டோ, விதவை வேடத்தில் வந்தார். பழைய வருடத்தின் விதவையாக ஆண்கள் வேடம் கட்டிச் சில்லறை கேட்பதும் அன்றைய வழக்கம்தான். மனைவியின் கறுப்புப் பாவாடை, மீசை, வாயில் சிகரெட். வந்தவர் பொம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ என் ராசா! இனிமே எனக்கு யாரு ஆகாதுன்னு சொல்லுவா?" என்று ஒப்பாரி வைத்தார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிகரெட்டை எடுக்காமலே கட்டிப்பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. சட்டைக் காலரில் பிடித்தது. பொம்மைக்கு மூன்று முழம் தள்ளி, பன்றி வறுவல் விற்கும் ஒபதுலியாவின் கேஸ் சிலிண்டர் இருந்தது.

நாங்கள் அத்தனை பேரும் ஓடினோம். சிக்ஸ்டோ பாவாடை தடுக்கி இரண்டு முறை விழுந்தும் எனக்கு முன்னால் ஓடினார். ஓடாதவர் ஃபெர்மின் ஒருவர்தான். அன்று காலையிலிருந்தே அவர் கடை வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். காலையில் சிக்ஸ்டோ அதைப் பார்த்து, "என்னண்ணே, வருசக் கடைசியிலயாவது குளிக்கப் போறீங்களா?" என்று கேட்டதற்கு, "எரியும். சிலிண்டர் பக்கத்துல பொம்மைய வச்சிருக்கீங்க. எரியத்தான் போகுது" என்று சொன்னார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொல்வதைக் காதில் போடாமல் இருந்து இருந்து பழகிவிட்டது.

இரண்டு வாளியையும் ஒன்றன் பின் ஒன்றாக ஊற்றினார். நெருப்பு அணைந்தது. நனையாத ஒரு வெடி மட்டும் வெடித்து, பொம்மையின் முகம் பிய்ந்து அவர் காலடியில் விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தார். "மூக்கு சரியில்ல" என்றார். பிறகு, "இது என் சட்டை" என்றார். அதன் பிறகு தலையைத் தடவி, தொப்பியைக் கழற்றிப் பார்த்து, அது தன்னுடையது அல்ல என்று கண்டு, கரிந்து கிடந்த ஓலையைக் கையில் எடுத்தார். அட்டையில் ஒரு மூலைதான் மிச்சம். எண் இல்லை, படம் இல்லை.

எலுமிச்சைக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து என் காயை அழுத்திப் பார்த்தார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் நான் வேண்டி வந்த அமைதி இதுதான். ஐந்து நிமிடம்கூட என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன் பிறகு சந்தைக் கண்காணிப்பாளரிடம் போனோம். "தொலைஞ்சு போச்சுன்னா கடை போச்சு. யாரோ எடுத்தாங்க, அதனால எரிஞ்சுதுன்னு எடுத்தவங்களே போலீஸ்ல எழுதிக் கொடுத்தா நகல் போடலாம்" என்றார். ஃபெர்மின், "எவன் எழுதிக் கொடுப்பான்? ஒருத்தரும் கொடுக்க மாட்டாங்க. நடக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், யார் என்று தெரியாத திருடர்மேல் புகார் கொடுத்தார்.

அவர் சொன்னதில் ஒன்றாவது பொய்யாக வேண்டும் என்று நாங்கள் இருபத்தொரு பேரும் எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டிருக்கிறோம். இந்த ஒன்றைப் பொய்யாக்குவது என் கையில் இருந்தது. ஆகவே இன்று ஜனவரி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இங்கே வந்தேன். பதினெட்டாம் கடைக்கான என் மனுவையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

திருட்டு வழக்கு பதிவானால் என் அட்டையும் புதுப்பிக்கப்படாது என்று அதிகாரி சொன்னதன் பேரில், ஃபெர்மினை வரவழைத்து, அவர் முன்னிலையில் பேசினோம். தொப்பிக்கு முப்பது டாலர் கேட்டார். "அண்ணே, அதுல ஓலையவிட ஓட்டைதான் அதிகம். எட்டு தரேன்" என்றேன். "எட்டுக்குத் தொப்பி கிடைக்காது. கிடைச்சாலும் நிக்காது" என்றார். அரை மணி நேரம் ஆனது. அதிகாரி தேநீர் வரவழைத்தார். அது ஆறிப்போயிருப்பதாக ஃபெர்மின் சொன்னார், ஆறித்தான் போயிருந்தது.

மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடிதான் இருக்கின்றன. கூடவே இருந்து கேட்ட ஃபெர்மின் இரண்டு பிழை இருப்பதாகச் சொன்னார். நிரப்பி வைத்த வாளி மூன்று, இரண்டு அல்ல என்றார். மூன்றாவது எதற்கு என்று கேட்டதற்கு, முதல் இரண்டும் போதாமல் போயிருந்தால் என்றார். இந்த வரியால் திருத்தப்பட்டது. தம் மூக்கு பொம்மையில் இருந்ததைவிடச் சிறியது என்றார். திருத்தப்படவில்லை.

ஒத்துக்கொண்டது வருமாறு: தொப்பிக்குப் பதினாறு டாலரும் ஒரு வாழைத்தாரும் நான் தருகிறேன். தாரை அவரே பொறுக்கி எடுத்துக்கொள்வார். அவர் தம் புகாரில் திருட்டு என்பதை, கேட்காமல் எடுத்தது என்று மாற்றிக்கொள்கிறார். இனி சங்கக் கூட்டத்தில் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆகாது என்று சொல்லலாம், ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதற்கான வாளியைக் கையோடு கொண்டுவர வேண்டும். என் வாடிக்கையாளரிடம் வாழைக்காயைப் பற்றிப் பேசக் கூடாது. பலகைச் சுவர் இருக்கிற இடத்திலேயே இருக்கும். வருகிற டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பொம்மை நான்தான். அவர் செய்வார், என் சொந்த மேலங்கியை நானே துவைத்துக் கொடுப்பேன். அதில் தீ சரியாகப் பற்றாது என்று அவர் இப்போதே சொல்வதையும் அவர் கேட்டுக்கொண்டபடி இதில் சேர்த்திருக்கிறது.

(ஒப்பம்) சொய்லா யகுவால் கிமி
(உடன் ஒப்பம், பேனா சரியாக எழுதவில்லை என்ற ஆட்சேபத்துடன்) ஃபெர்மின் வில்யாவோ